உள் சுவர், கணக்கில் இல்லை

போன செவ்வாய்க்கிழமை உன் பதினாறாம் நாள் காரியம். கோவில்பதாகையில் உன் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு உன் படத்தை வைத்திருந்தார்கள். பழைய கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. முன்னால் ஒரு வாழைப்பழத்தில் இரண்டு ஊதுபத்தி குத்தியிருந்தது. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் நேராக எழுந்து, அப்புறம் சாய்ந்து, சமையலறைப் பக்கம் திரும்பிப் போனது. 'நடக்குது' என்று என் வாய் தானாக முணுமுணுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா, "இன்னாபா சொன்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லை என்று சொல்வதில் நான் கைதேர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சுவரில் இருந்த ஓட்டையைப் பற்றி நீ என்னிடம் சொன்னாய். நான் தாளில் ஏற்றவில்லை. இரண்டு பெண்கள் செத்துப் போன பிறகு, உன்னை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். ஒன்பது வருடம் ஊர் உன்னைத்தான் சொன்னது. கெட்ட பெயரோடேயே நீ போய்ச் சேர்ந்தாய். அதைத் துடைக்கக்கூடிய ஒரே ஆள் உயிரோடு பருத்திப்பட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேராகச் சொல்லத் துப்பில்லாமல், இப்போது காகிதத்தில் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஆவடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. உன் அம்மா எங்கள் ஏரிக்கரை நிலத்தில் நடவுக்கு வருவார். அப்புறம் அந்த நிலத்தை அப்பா மனை போட்டு விற்றார். உங்கள் வீட்டில் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போனீர்கள். நான் டிப்ளமோ, நீ ஐ.டி.ஐ. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏசி காண்ட்ராக்ட் எடுக்கும் அந்தக் கம்பெனிக்கு முதலில் போனவன் நீதான், ஃபிட்டராக. நான் வேலை கிடைக்காமல் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்து வாசலில் நின்று மணியடித்தாய். "மச்சான், எஸ்டிமேட் போட ஆள் இல்லாம மேனேஜர் தலைய பிச்சிகினு கீறாரு. சர்ட்டிபிகேட்ட எடுத்துகினு வா, இப்பவே போலாம்." அந்த வேலை நீ வாங்கிக் கொடுத்தது. இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கும் சுழல் நாற்காலி வரைக்கும் அந்த மணியோசையில் இருந்து வந்ததுதான்.

ஒரு கட்டடத்துக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. சுவர் வழியாக வரும் சூடு, கூரை வழியாக வருவது, விளக்கு, மிஷின், மனிதர்கள், எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் வழி இருந்தது. பிடி கொடுக்காத சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான், வெளிக்காற்று எவ்வளவு உள்ளே கசிகிறது என்பது. கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும் என்று முதலாளிகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கதவின் கீழே, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, ஓடும் சுவரும் சேரும் இடத்தில், குழாய் நுழையும் இடத்தில் என்று அது வந்துகொண்டேதான் இருக்கும். இடுக்குகளின் நீளத்தையெல்லாம் அளந்து ஓர் எண்ணால் பெருக்கலாம். இல்லையென்றால் அறைக்குள் இருக்கும் காற்று முழுதும் மணிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்று ஒரு குத்துமதிப்புப் போடலாம். புத்தகத்து எண்கள் எந்தக் குளிர் நாட்டு ஜன்னலுக்கோ போட்டவை. நம்மூர் ஆசாரி அவசரத்தில் அடித்துக் கொடுத்த கதவுக்கு அவை எங்கே பொருந்தும்.

நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். ஆவடி மார்க்கெட்டில் கட்டு ஊதுபத்தி வாங்கி வந்து ஒன்றைப் பற்றவைத்து இடுக்கோரமாகக் காட்டினாய். புகை நேராக நின்றால் 'தூங்குது'. சாய்ந்தால் 'நடக்குது'. படுத்துக்கொண்டு பாய்ந்தால் 'ஓடுது'. நீ பத்தியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சத்தமாகச் சொல்ல, நான் பின்னால் டேப்பும் தாளுமாக வருவேன். தூங்கினால் பூஜ்யம், நடந்தால் புத்தகத்து எண், ஓடினால் அதைப்போல் இரண்டு மடங்கு என்று நான் வைத்துக்கொண்டேன். மேனேஜர் முதலில் சிரித்தார். நம் கணக்குப்படி வைத்த ஏசிகள் சரியாக வேலை செய்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, 'பூஜைக் கோஷ்டி' என்று பெயர் வைத்தார். ஒரு முதலாளி நீ பத்தியோடு வருவதைப் பார்த்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா. வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

பூந்தமல்லிக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் குளுக்கோஸ் பொடிக் கம்பெனிக்கும் அப்படித்தான் போனோம். மழைக்காலத்தில் பொட்டலத்துக்குள் பொடி கட்டி கட்டியாக இறுகிவிடுகிறது, நீங்கள் வைத்த ஏசி போதவில்லை என்று அவர்கள் புகார். ஏசி சரிதான், உங்கள் கட்டடம்தான் ஒழுகுகிறது என்று நம் மேனேஜர். எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்து வரச் சொல்லி நம்மை அனுப்பினார்கள்.

பொட்டலம் கட்டும் அறையில் எட்டுப் பெண்கள். பொடி பறக்காமல் இருக்க ஒரு சுவரில் பெரிய ஃபேன், அது அறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. அது இழுக்க இழுக்க, எல்லா இடுக்குகளில் இருந்தும் வெளிக்காற்று வந்து அந்த இடத்தை நிரப்பியது. நீ பத்தியோடு நுழைந்ததும், பின்சுவரோரம் உட்கார்ந்திருந்த அமுதா, "இன்னாண்ணா, எங்களுக்கு பூஜையா?" என்றாள். "உங்களுக்கு இல்லம்மா, உங்க கதவுக்கு" என்றாய். பக்கத்து ஸ்டூலில் இருந்த சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேருக்கும் இருபது வயதுதான் இருக்கும். அவர்களின் முகத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கதவு, ஜன்னல், கூரை ஓரம் எல்லாம் முடித்துவிட்டு அந்தப் பின்சுவருக்கு வந்தோம். தரையில் இருந்து முழங்கால் உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. விரல் பருமனில் ஒரே ஒரு கேபிள் அதன் வழியாக வந்தது. அதற்கு எதற்கு அவ்வளவு பெரிய ஓட்டை என்று கேட்டால், இன்னும் கேபிள் வரும் என்றார்கள். நீ சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாய், நானும் பின்னால் வந்தேன். அங்கே பழைய வராந்தாவைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். ஓட்டைக்கு நேராக நீ பத்தியைக் காட்டியதும் புகை முழுவதும் உள்ளே போய்விட்டது. "வாசன நல்லா வருதுண்ணா" என்று உள்ளே இருந்து சாந்தி குரல் கொடுத்தாள்.

"ஓடுது. எழுதிக்க" என்றாய்.

நான் கட்டடத்தின் பிளானை விரித்துப் பார்த்தேன். "இது உள் சுவர்டா. இந்தப் பக்கமும் ரூம்தான். வெளிச் சுவர்ல இருக்கிற ஓட்டையத்தான் கணக்குல எடுக்கணும்."

"எது ரூமு? ஆஸ்பெஸ்டாஸ் போட்டா ரூமாயிடுமா? மேல பாரு, கூரைக்கும் சுவத்துக்கும் நடுவுல பூனை போவுது."

"பிளான்ல ஜெனரேட்டர் ரூம்னு போட்டிருக்கு."

"பிளான வரஞ்சவன் இங்க வந்து மூச்சு வுட்டானா? மச்சான், எவ்ளோ வருதுன்னு மட்டும் எழுதிகினு கீற. எங்கேர்ந்து வருதுன்னும் ஒரு கட்டம் போடு. மத்ததெல்லாம் அடச்சுட்டோம்னு வையி, அந்த ஃபேனு மொத்தத்தையும் இங்கேர்ந்துதான் உறியும். கரண்டு போனா இங்க ஜெனரேட்டர் ஓடும்டா."

நீ சொன்னதை நான் வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன் பார். ஞாபகம் இல்லாதவனுக்கு இவ்வளவு ஞாபகம்.

அதோடு விட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நான் பிடிவாதமாக, உள்ளே என்றால் உள்ளேதான் என்று நின்றேன். நீ சிரித்துக்கொண்டே, "எது உள்ள, எது வெளியன்னு எங்கிட்ட கேளுடா. உங்க ஊட்டுல எங்கம்மாவ எங்க நிக்க வெச்சு தண்ணி ஊத்துவாங்கன்னு பாத்து வளந்தவன் நானு" என்றாய். குத்திக் காட்டவில்லை. உனக்கு அது வாயில் வந்த ஒரு வேடிக்கை. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மதிய வெயில், வேர்வை, ஃபிட்டர் என்னைத் திருத்துகிறானே என்ற எரிச்சல், அது உண்மை என்பதால் வந்த கூடுதல் எரிச்சல், எல்லாம் சேர்ந்து, பென்சிலைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்து எழுதினேன். பின்சுவர், கேபிள் ஓட்டை: உள் சுவர், கணக்கில் இல்லை. நீ எட்டிப் பார்த்தாய். பத்தியைச் சுவரில் தேய்த்து அணைத்தாய்.

ஆபீசில் சுத்தமாக எழுதும்போது அந்த வரியையே விட்டுவிட்டேன். கணக்கில் இல்லாததை எதற்கு எழுத வேண்டும். அந்தத் தாளில் இருந்துதான் எதையெல்லாம் அடைக்க வேண்டும் என்ற பட்டியல் போனது. பட்டியலைப் பார்த்துத்தான் ஸ்டோரில் சாமான் கொடுத்தார்கள். அடைக்கும் வேலைக்கு நீ இரண்டு ஆட்களோடு போனாய். எல்லாவற்றையும் அடைத்து முடித்துவிட்டு அந்த ஓட்டைக்கும் பூச்சு கேட்டாய். லிஸ்டில் இல்லை என்றார் ஸ்டோர்காரர். நீ சும்மா வரவில்லை. அங்கே கிடந்த கோணிச் சாக்கு ஒன்றைச் சுருட்டி ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, இதைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுங்கள் என்று அந்தக் கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்தாய். என்னிடமும் சொன்னாய். சரி சரி என்றேன்.

என் கணக்கு தப்பவில்லை, அதுதான் கொடுமை. முன்னே மணிக்கு மூன்று தடவை மாறிக்கொண்டிருந்த காற்று, அடைத்த பிறகு ஏசி ஓடும்போது அரைத் தடவைகூட மாறவில்லை. பொடி மாவு மாதிரி உதிர்ந்தது. அவர்கள் ஆபீசுக்கு மைசூர்பாகு அனுப்பினார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டினார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

அப்புறம் ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வந்து இன்னொரு கேபிள் இழுத்தான். சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டவன் திரும்ப வைக்கவில்லை. கரண்டு போகிற நாட்களில் தலைவலிக்கிறது என்று பெண்கள் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார்கள். ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாளில் பழகிவிடும் என்றிருக்கிறார் சூப்பர்வைசர். கத்திரி வெயிலில் ஒரு நாள் காலையிலேயே கரண்டு போய்விட்டது. விளக்குக்கும் தூசி ஃபேனுக்கும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதன் புகைக்குழாய் மூட்டு விட்டுப்போய், புகை அந்த வராந்தாவுக்குள்ளேயே கொட்டியது. பொடி ஈரமாகிவிடும் என்று அறைக் கதவைத் திறக்கவிடவில்லை. நாம் அடைத்த எந்த இடுக்கிலும் காற்று வரவில்லை, அவ்வளவு நேர்த்தியான வேலை; ஃபேன் இழுத்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாக வந்த புகைதான். சாப்பாட்டு வேளைக்குக் கதவோரம் இருந்த ஆறு பேரும் வாந்தியும் மயக்கமுமாக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்சுவரோரம் இருந்த இரண்டு பேரும் மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்று கொஞ்ச நேரம் யாரும் எழுப்பவில்லை.

போன் வந்ததும் நாம் இரண்டு பேரும் ஓடினோம். வாசலில் கூட்டம், ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. நீ யாரையும் பார்க்காமல் நேராக அந்தச் சுவருக்குப் போய் மண்டியிட்டாய். கீழே கிடந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டையைப் பார்த்தபடியே இருந்தாய். உன்னைச் சுற்றிப் போலீசும் ஜனங்களும் வந்து நின்றது உனக்குத் தெரியவே இல்லை. அடைக்க வந்தவன் இவன்தான், சாக்கை வைத்து ஏமாற்றிவிட்டுப் போனவன் இவன்தான் என்று யாரோ சொல்ல, அது அப்படியே பற்றிக்கொண்டது.

விசாரணை நம் ஆபீஸ் மாடியில்தான் நடந்தது. தொழிற்சாலைகளைப் பார்க்கும் அதிகாரி ஒருவர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், நம் மேனேஜர். மேஜை மேல் என் பட்டியல். அதில் அந்த ஓட்டை இல்லை. "சார், நான் சொன்னேன், எழுத சொன்னேன்" என்றாய். மேனேஜர் உன்னைப் பார்க்காமல், "சாக்கு வெச்சு அடைச்சவன் இப்ப சாக்கு சொல்றான்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்த வார்த்தை மாடிப்படி இறங்கி, ஷெட்டுக்குள் போய், ஆவடி வரைக்கும் போயிற்று. கடைசி வரைக்கும் ஊரில் நீ சாக்குக்காரன்தான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவர் அந்த ஓட்டையைப் பத்தி உங்ககிட்ட சொன்னாரா?"

எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். வேலை நிரந்தரமாகாத நேரம். இதெல்லாம் நான் அப்புறம் தேடிக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் வெறும் பயம்தான் இருந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பொய் சொன்னான் என்று நீ என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்க இடம் கொடுக்காத ஒரு வார்த்தையை நான் தேர்ந்தெடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை. தவறாக அளந்துவிட்டோமோ என்று திரும்ப ஒரு தடவை பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். அப்புறம் அவர்கள் கேட்ட எதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

உன்னை உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் வந்தாய். கேஸ் வருடக் கணக்கில் இழுத்து, சாட்சி போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். குற்றம் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியும் உன்னை வாசல் கேட்டுக்குள் விடவில்லை. ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தாய். ஏசிக் காற்று போகும் டக்ட் தகட்டில் மயிரிழை பிசகாமல் மடிப்பு எடுத்த கை. நான் தினமும் அதே ஸ்டேஷனில்தான் ரயில் ஏறினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டுப் படி ஏறி இறங்கி வருவேன். முட்டி வலிக்கும். மழையில் நனைவேன். அப்படியும் உன் ஸ்டாண்டுக்கு வந்ததில்லை.

ஒரே ஒரு தடவை டிக்கெட் ஜன்னலில் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நீ. "இன்னா மச்சான், நல்லா கீறியா? பொண்ணு இஸ்கூலு போவுதா?" என்றாய். போகிறாள் என்றேன். "நல்லா படிக்க வையி" என்றாய். வேறு ஏதாவது கேட்பாய் என்று காத்திருந்தேன். சில்லறையை வாங்கிக்கொண்டு நீ போய்விட்டாய். திட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. பார், இப்போதும் பழியை உன் மேல்தான் போடுகிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், யாருக்கோ சைக்கிளை எடுத்துக் கொடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை. எனக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மயானத்துக்கு வரவில்லை. காரியத்துக்குத்தான் வந்தேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, உன் மனைவி கஸ்தூரி முன்னறையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். "கஸ்தூரி, அந்த ஓட்டையப் பத்தி அவன் எங்கிட்ட சொன்னான். நான்தான் எழுதல" என்றேன். ஒன்பது வருடம் தொண்டையில் இருந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

அவள் பாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. கேஸு நடக்க சொல்லோவே சொன்னாரு. நான் போய் வக்கீலாண்ட சொல்றேன்னு குதிச்சேன். வேணாம், அவனே வருவான், இஸ்கூல்லேர்ந்து எனக்கு தெரியும், கொஞ்சம் லேட்டா வருவான்னாரு. டெய்லி ஸ்டாண்டுல உக்காந்துகினு ரோட்டையே பாத்துகினு இருப்பாரு. நீ அந்தாண்ட வண்டி வுடறது அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பாயைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எனக்கு தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்த ரெண்டு பொண்ணுங்க ஊடு கீதே, அங்க போய் சொல்லு. அவங்கதான் இன்னும் எங்கள சபிச்சிகினு கீறாங்க."

நேற்று சேக்காட்டுக்குப் போனேன். அமுதாவின் வீடு. தெரு முனை வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன், மூன்றாவது தடவை போய்க் கதவைத் தட்டினேன். அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் யார், எந்தக் கம்பெனி, எந்தத் தாள், அவன் என்ன சொன்னான், நான் என்ன எழுதினேன், விசாரணையில் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெளிதான் என்று அவன் சொன்னதையும், நான் இல்லையென்றதையும் மட்டும் இரண்டு தடவை சொன்னேன். நீ இறந்துபோன சேதியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அம்மா நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வருசா வருசம் அந்த நாளு வருவாரு தம்பி. தோ, அந்த கம்பத்தாண்ட வந்து நின்னுகினு இருப்பாரு. ஒரு வருசம் இவரு செருப்ப கழட்டி அடிச்சாரு. வாங்கிகினு போனாரு. மறு வருசமும் வந்தாரு. நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல. செஞ்ச பாவம் இழுத்துகினு வருதுன்னு நாங்க நெனச்சிகினோம்." திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். "செத்தப்புறமா வந்து சொல்றியே தம்பி."

எனக்கு இது தெரியாது. நீ வருடா வருடம் அங்கே போனது கஸ்தூரிக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். எதற்குப் போனாய்? நீ சொன்னதை இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்றா? சிமெண்ட் பூசினார்களா என்று திரும்ப வந்து பார்க்கவில்லை என்றா? அதற்கா செருப்படி? என்னிடம் இருந்த கணக்கில் இதற்கும் ஒரு கட்டம் இல்லை.

அமுதாவின் அப்பா என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்று கன்னத்தைக் கொஞ்சம் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து ஃபேனுக்குக் கீழே போட்டார். துண்டால் அதைத் துடைத்தார். "வெயில்ல நிக்காதீங்க சார். உள்ள வந்து உக்காருங்க" என்றார். என் சட்டையைப் பார்த்துச் சொன்னாரா, பருத்திப்பட்டில் இன்னார் வீடு என்று நான் சொன்னதைக் கேட்டுச் சொன்னாரா, பேச வேறு வார்த்தை இல்லாமல் சொன்னாரா, தெரியவில்லை.

திருமுல்லைவாயலில் சாந்தியின் வீடு இன்னும் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உனக்குச் சொல்ல வேண்டியது அதுவல்ல. நீ வருடா வருடம் நின்ற கம்பம் அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் நேராகத் தெரிகிறது, பத்தடி இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா. கூப்பிட்டார்கள், உள்ளே போனேன், உட்கார்ந்தேன்டா.